சுகாதாரப் பாடம்: இரத்தக் குழாய்ச் சுவருக்குள் என்ன நடக்கிறது? ஸ்கேன் படங்கள் சொல்லும் செய்தி



"நேத்து வரைக்கும் நல்லா மலைக்குப் போயிட்டு வந்த மனுசன், ராத்திரி நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாரு." இந்தப் பேச்சை லயத்து வாசலிலும் பெரட்டுக்களத்திலும் நாம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். கண்ணூறு என்பார்கள் சிலர். விதி என்பார்கள் சிலர். ஆனால் அந்த வருத்தம் ஒரே ராத்திரியில் வந்ததல்ல. பத்து, இருபது வருஷமாக அவருடைய இரத்தக் குழாயின் சுவருக்குள் சத்தமில்லாமல் வளர்ந்து வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் அவருக்கே தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்த வருத்தத்தை இப்போது ஸ்கேன் படங்களில் பார்க்கிறார்கள். எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, அதில் நமக்கு என்ன பாடம் என்பதை இம்முறை படிப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. அடைப்பு என்பது என்ன?

இரத்தக் குழாயில் அடைப்பு என்றவுடன், பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயில் சேறு அடைவதுதான் நம் ஞாபகத்துக்கு வரும். அது சரியான உதாரணம் அல்ல. இரத்தக் குழாய் உயிருள்ளது. அதன் சுவர் பல படைகள் கொண்டது. கோளாறு குழாயின் ஓட்டைக்குள் அல்ல, சுவருக்குள்ளேதான் தொடங்குகிறது.

இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடும்போது அதில் கொஞ்சம் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. பிரஷர், சீனி வருத்தம், புகையிலை இவையெல்லாம் சுவரின் உட்புறத் தோலைப் பழுதாக்கி அதற்கு வழி திறந்துவிடுகின்றன. உள்ளே வந்த கொழுப்பை அகற்ற நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவை கொழுப்பைத் தின்று தின்று ஊதிப்போய், அங்கேயே செத்துக் கிடக்கின்றன. செத்த அணுவும் கொழுப்பும் சேர்ந்து கூழ் மாதிரி ஆகிறது. அதன் மேலே உடம்பு ஒரு மூடியைக் கட்டுகிறது. நாள்பட்டால் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. இந்த மொத்தக் கட்டியைத்தான் டொக்டர்மார் 'பிளாக்' என்கிறார்கள். நாம் கொழுப்புப் படிவு என்று சொல்லுவோம்.

தேயிலைச் செடியில் கறையான் ஏறுவது நமக்குத் தெரியும். மேலே கொழுந்து பச்சையாக வரும். பேருக்கு ஆயும்போது ஒன்றும் தெரியாது. கவ்வாத்து வெட்டுகிற அன்றைக்குத்தான் உள்ளே கோறையாகிக் கிடப்பது தெரியும். இரத்தக் குழாயும் அப்படித்தான்.

2. அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும். உடம்பு தன்னைக் காக்கச் செய்யும் இந்தச் சண்டைக்குப் பெயர் அழற்சி. முள்ளை எடுத்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். சுவருக்குள் புகுந்த கொழுப்பு வெளியே போகாததால் அங்கே சண்டை வருஷக் கணக்கில் நடக்கிறது. அந்தச் சண்டை கட்டியின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

உடையக்கூடிய கட்டியின் மூடி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஆறேழு பங்குதான் இருக்கும். ஒரு தலைமுடியின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கூழ் இரத்தத்தோடு படும். உடனே இரத்தம் அங்கே உறைந்து குழாயை அடைக்கும். இது இருதயக் குழாயில் நடந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகிற குழாயில் நடந்தால் பாரிசவாதம்.

இரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சி இருக்கிறது என்று ஜெர்மன் நாட்டு அறிஞர் ருடோல்ஃப் விர்ஷோ 1850களிலேயே எழுதினார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து அவர் சொன்னதை உயிரோடு இருப்பவரிடம் பார்க்க 100 வருஷத்துக்கு மேல் எடுத்தது.

3. எந்தப் படம் எதைக் காட்டும்?

ஈ.சி.ஜி.: இது படம் அல்ல. இருதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் கோடாக எழுதும் கருவி. மாரடைப்பு நடக்கும்போது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சுவருக்குள் கட்டி இருக்கிறதா என்று சொல்லாது. மாரடைப்பு வந்த சிலருக்குக்கூட முதல் ஈ.சி.ஜி. சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள், இரத்தமும் சோதிக்கிறார்கள்.

அஞ்சியோகிராம்: கையில் அல்லது தொடையில் உள்ள குழாய் வழியாக மெல்லிய நாளத்தை இருதயம் வரை விட்டு, மருந்து செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுப்பது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்ற டொக்டர் 1958இல் இருதயக் குழாயை இப்படிப் படம் பிடித்தார். எங்கே குழாய் ஒடுங்கியிருக்கிறது என்று இது நன்றாகக் காட்டும். ஆனால் இரத்தம் ஓடும் ஓட்டையின் நிழல் மட்டும்தான் இதில் விழும். சுவர் தெரியாது.

அதில் ஒரு பெரிய ஏமாற்றம் இருந்தது. சுவருக்குள் கட்டி வளரும்போது குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. சிக்காகோவைச் சேர்ந்த சேமூர் கிளாகோவ் என்பவரும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் 136 இருதயங்களை ஆராய்ந்து 1987இல் இதை வெளியிட்டார்கள். கட்டி சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும் வரை ஓட்டை குறைவதில்லை என்று கண்டார்கள். அதாவது அஞ்சியோகிராமில் குழாய் சரியாகத் தெரியும்போதே சுவருக்குள் பெரிய கட்டி இருக்கலாம். பாதிகூட அடைபடாத இடத்தில் திடீரென்று மாரடைப்பு வருவதற்குக் காரணம் இதுதான்.

அல்ட்ராசவுண்ட்: கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் அதே ஸ்கேன். கழுத்தில் வைத்துப் பார்த்தால் மூளைக்குப் போகும் குழாயின் சுவரும் அதில் உள்ள படிவும் தெரியும். கதிர் வீச்சு கிடையாது. இருதயக் குழாயை இப்படி வெளியிலிருந்து பார்க்க முடியாது. அது மிகச் சிறியது, துடித்துக்கொண்டும் இருக்கிறது.

சீ.டி. ஸ்கேன்: உடம்பைச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, பாண் துண்டு துண்டாய் வெட்டினது போல உள்ளே காட்டும் இயந்திரம். இங்கிலாந்தின் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த இயந்திரத்தில் முதல் நோயாளியைப் பார்த்தது 1971இல். 1990இல் ஆர்தர் அகட்ஸ்டன் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் இருதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை எண்ணிக்கையாகச் சொல்லும் முறையைக் கொண்டு வந்தார்கள். பூச்சியம் என்றால் சுண்ணாம்பு இல்லை. 100க்கு மேல் என்றால் கவனம் வேண்டும். 400க்கு மேல் என்றால் படிவு மிக அதிகம். இதற்கு மருந்து ஏற்றத் தேவையில்லை. ஆனால் ஒன்று: சுண்ணாம்பு பழைய காயத்தின் தழும்பு. புதிதாக வந்த மெதுவான கொழுப்புக் கட்டியில் சுண்ணாம்பு இருக்காது. அதைப் பார்க்க, மருந்து ஏற்றி எடுக்கும் சீ.டி. அஞ்சியோகிராம் வேண்டும்.

பெட் ஸ்கேன்: அழற்சியைப் பார்க்கும் முறை இது. சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் சீனியை அதிகமாகத் தின்னும். அதனால் கொஞ்சம் கதிர்ச்சத்து சேர்த்த ஒரு வகைச் சீனியை ஊசியில் ஏற்றுகிறார்கள். எங்கே அழற்சி கூடவோ அங்கே அது சேர்ந்து, படத்தில் தணல் போலத் தெரியும். 2002இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பாரிசவாத அறிகுறி கண்ட 8 பேரின் கழுத்துக் குழாயை இப்படிப் படம் எடுத்தார்கள். அறிகுறி தந்த பக்கத்துக் கட்டி மற்றப் பக்கத்தைவிட அதிகமாக ஒளிர்ந்தது.

இருதயக் குழாயில் இந்தச் சீனி முறை சிரமம். இருதயத் தசையே சீனியைத் தின்பதால் எல்லாம் ஒளிர்ந்துவிடும். அதற்காக வேறு மருந்தைப் பிடித்தார்கள். கதிர்ச்சத்துள்ள சோடியம் புளோரைட்டு, புதிதாகப் படியத் தொடங்கும் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்களில் போய் ஒட்டும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் மாரடைப்பு வந்த 40 பேரைப் பார்த்ததில், 37 பேருக்கு மாரடைப்பை உண்டாக்கிய அதே இடம்தான் மிக அதிகமாக ஒளிர்ந்தது. இது 2014இல் வெளிவந்தது.

குழாயைச் சுற்றிய கொழுப்பு: இருதயக் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். சுவரில் அழற்சி இருந்தால் அதன் சூடு இந்தக் கொழுப்பையும் மாற்றிவிடுகிறது. சாதாரண சீ.டி. அஞ்சியோகிராமிலேயே அந்த மாற்றத்தை அளக்க முடியும் என்று இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சுமார் 3,900 பேரின் படங்களை ஆராய்ந்து, இந்த மாற்றம் கூடியவர்களுக்குப் பின்னால் இருதய வருத்தத்தால் மரணம் அதிகம் என்று 2018இல் சொன்னார்கள்.

4. இந்தப் படங்களால் என்ன லாபம்?

படம் எடுத்தால் வருத்தம் குறையாது. படத்தைப் பார்த்துச் செய்கிற வைத்தியத்தால்தான் குறையும். இதற்கு நல்ல சாட்சி உண்டு. ஸ்கொட்லாந்தில் நெஞ்சுவலியோடு கிளினிக்குக்கு வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியத்தோடு சீ.டி. அஞ்சியோகிராமும் எடுத்தார்கள். 5 வருஷம் கழித்துப் பார்த்தால், ஸ்கேன் எடுத்தவர்களில் 100க்கு 2.3 பேருக்கு மாரடைப்போ இருதய மரணமோ நேர்ந்தது. எடுக்காதவர்களில் 3.9 பேர். ஸ்கேன் எடுத்தவர்களில் அதிகம் பேருக்குச் சரியான குளிசை தொடங்கப்பட்டதுதான் இதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது.

இன்னொரு சாட்சி ஜப்பானிலிருந்து. குழாய்ச் சுவரில் அழற்சி இருந்த 43 பேரில் ஒரு பகுதியினருக்கு சிம்வாஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும். 3 மாதம் கழித்து மறுபடியும் பெட் ஸ்கேன் எடுத்தபோது, குளிசை குடித்தவர்களின் குழாயில் தணல் தணிந்திருந்தது. மற்றவர்களுக்கு அப்படித் தணியவில்லை. இது 2006இல் வெளிவந்தது.

சகோதரர்களே, இந்தப் பாடத்தில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கிளினிக்கில் கொடுக்கும் கொலஸ்ட்ரோல் குளிசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைக் குடித்தால் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறுத்தினாலும் தெரியாது. அதனால்தான் நம்ம ஆளுங்க பலர், "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடும் என்று மலைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே தணல் தணிந்ததா, மறுபடி பற்றியதா என்று வலி வந்து சொல்லாது. ஸ்கேன் இயந்திரம் கண்ணால் காட்டிய உண்மை அது. பிரஷர் குளிசைக்கும் சீனிக் குளிசைக்கும் இதே நியாயம்தான்.

5. உழைக்கிற நமக்கும் இது வருமா?

"நாங்க காலையில இருந்து ஏத்தமும் இறக்கமுமா நடக்கிறோம், எங்களுக்கு ஏன் கொழுப்பு வருது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் காட்டுப் பகுதியில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். பயிர் செய்தும் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்பவர்கள். அவர்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 705 பேருக்கு சீ.டி. எடுத்துப் பார்த்ததில் 85 சதவீதமானவர்களின் இருதயக் குழாயில் சுண்ணாம்பே இல்லை என்று 2017இல் எழுதினார்கள். உழைப்பு நன்மை தரும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அவர்களுக்கு உழைப்போடு வேறு நன்மைகளும் இருந்தன. பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி எல்லாம் குறைவு. புகைப்பதும் மிகக் குறைவு. நமக்கோ உழைப்பு இருக்கிறது, கூடவே வெற்றிலையில் புகையிலை இருக்கிறது, பீடி இருக்கிறது, உப்புக் கருவாடு இருக்கிறது, நாலு வேளையும் சீனி போட்ட தேத்தண்ணி இருக்கிறது, கோதுமை மா ரொட்டி இருக்கிறது, மரக்கறி குறைவாக இருக்கிறது. உழைப்பின் நன்மையை இவை தின்றுவிடுகின்றன. புகையிலையை வாயில் அடக்கினாலும் இருதயத்துக்குக் கெடுதிதான். புகைத்தால்தான் தீமை என்று நினைக்க வேண்டாம்.

6. நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

கேள்வி: நகையை அடகு வைத்தாவது எல்லோரும் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெட் ஸ்கேனில் குழாயைப் பார்ப்பது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான். அந்தக் கதிர்ச்சத்து மருந்து 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும், அதனால் எல்லா ஊரிலும் வைக்கவும் முடியாது. நம்முடைய ஆபத்து என்ன என்பதைப் பிரஷர் அளவு, சீனி அளவு, கொலஸ்ட்ரோல் அளவு, புகையிலைப் பழக்கம், குடும்பத்தில் வருத்தம் உண்டா என்பதை வைத்தே டொக்டர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க சுகவாழ்வு நிலையத்தில் இவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். எங்கே, எந்த நாளில் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேளுங்கள். நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு ஸ்கேனோ அஞ்சியோகிராமோ தேவை என்று டொக்டர் சொன்னால் பயந்து தட்டிக்கழிக்க வேண்டாம். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அஞ்சியோகிராம் செய்கிறார்கள்.

கேள்வி: ஸ்கேனால் உடம்புக்குக் கெடுதி உண்டா?

பதில்: சுண்ணாம்பு பார்க்கும் சீ.டி. ஸ்கேனில் படும் கதிர் சுமார் ஒரு மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு இயற்கையாகவே படுவது உலக சராசரியாக 2.4. ஆகவே தேவை இருந்தால் பயம் வேண்டாம், தேவை இல்லாமல் எடுக்கவும் வேண்டாம். மருந்து ஏற்றும் முன் நான்கு விஷயங்களை மறக்காமல் சொல்ல வேண்டும்: சிறுநீரக வருத்தம், முன்பு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, சீனிக்குக் குடிக்கும் குளிசை, பெண்களாயின் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம்.

கேள்வி: குளிசை குடித்த பிறகும் சுண்ணாம்பு எண்ணிக்கை கூடிவிட்டது. அப்படியானால் குளிசை வேலை செய்யவில்லையா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். கொலஸ்ட்ரோல் குளிசை குடிக்கும்போது மெதுவான கட்டி இறுகிச் சுண்ணாம்பாவதுண்டு. இறுகிய கட்டி உடைவது குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் குளிசையை நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: போன மாதம் ஈ.சி.ஜி. நல்லாயிருக்கு என்றார்கள். இப்போது நெஞ்சு அழுத்துகிறது. காஸ் தானே?

பதில்: போன மாதத்து ஈ.சி.ஜி. போன மாதத்துக்குத்தான். இன்றைக்கு வந்த வலிக்கு இன்றைக்கே பார்க்க வேண்டும்.

7. இப்படி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்

நெஞ்சில் கல் வைத்தது போல அழுத்தம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மற்ற அறிகுறிகள் வரலாம். முகம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் இருந்தால் அது பாரிசவாதம்.

இஞ்சித் தண்ணி கொடுத்து, தைலம் தேய்த்து, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளியை மலையிறங்கி நடக்கவும் விட வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். டிவிஷன் பெயர், பாதை, எந்த இடம் வரை வாகனம் வரும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாதை மோசமான டிவிஷன்களில் உள்ளவர்கள், இரவில் எந்த வாகனத்தைக் கேட்பது, யார் தூக்கிக்கொண்டு வருவது என்று தலைவர்மாரும் தோட்ட ஆஸ்பத்திரியும் நிர்வாகமும் சேர்ந்து முன்கூட்டியே பேசி வையுங்கள். வருத்தம் வந்த பிறகு பேசுவதற்கு நேரம் இருக்காது.

நினைவில் வைப்போம்

• கொழுப்புப் படிவு குழாய்ச் சுவருக்குள் வளர்கிறது. வலி இல்லாமலே வளரும்.
• குழாய் ஒடுங்காமலே கட்டி உடையலாம். உடையச் செய்வதில் அழற்சிக்குப் பெரிய பங்கு.
• ஈ.சி.ஜி. சரி என்றால் சுவர் சரி என்று அர்த்தமில்லை.
• ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் சோதனை எல்லோருக்கும் தேவை.
• டொக்டர் நிறுத்தச் சொல்லும் வரை குளிசையை நிறுத்தக்கூடாது.

பயிற்சி

வாசித்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்களோடு பேசிப் பாருங்கள். (1) அஞ்சியோகிராமில் தெரியாத கட்டி ஏன் தெரியாமல் போகிறது? (2) பெட் ஸ்கேனில் அழற்சி ஏன் தணல் போல ஒளிர்கிறது? (3) நம் வீட்டில் யாருக்குக் குளிசை பாதியில் நின்றுபோய்க் கிடக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், அந்தக் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, அடுத்த கிளினிக் நாளில் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.